திலாப்பியா வளர்ப்பும் ஓமோன் ஊட்டிய ஆண் குஞ்சுகளும்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர் பலர், வயலின் ஓரத்திலோ தோட்டத்தின் தாழ்ந்த மூலையிலோ சிறு தடாகம் ஒன்றை வெட்டி மீன் வளர்க்க விரும்புகின்றனர். இது வரவேற்கத்தக்க முயற்சியாகும். தடாகத்து நீர் கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்குப் பாய்ச்சப் பயன்படும். அடியிற் படியும் சேறு நல்ல உரமாகும். வீட்டிலுள்ள தவிடும் புண்ணாக்கும் மீனாக மாறிக் குடும்பத்துக்கு உணவும் கைக்குப் பணமும் தரும்.

ஆயினும், திலாப்பியா வளர்த்தோர் பலருக்கு நேரும் ஏமாற்றம் ஒன்றுண்டு. ஆறு மாதம் தீன் போட்டு வலை இழுத்தால், வலை நிறைய மீன் வரும். விற்கத்தக்க மீனோ ஒரு கூடையும் தேறாது. கிருலப்பனை போன்ற நகரச் சந்தைகளில் விரலளவு திலாப்பியாவை விலைகொடுத்து வாங்குவோர் அரியர். தீனுக்குச் செலவிட்ட பணமும் ஒரு போகத்து உழைப்பும் வீணாகிவிடும்.

இக்குறையை நீக்குவதற்காகவே, ஓமோன் கலந்த தீனை ஊட்டிப் பெரும்பாலும் ஆணாக்கப்பட்ட குஞ்சுகள் பொரிப்பகங்களில் உற்பத்தி செய்யப்படுகின்றன. அம்முறை யாது, எவ்வயதில் அது பலன்தரும், கமக்காரர் எதனை வாங்கலாம், எதனை ஒருபோதும் வாங்கலாகாது என்பனவற்றை விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கம்.

1. மீன் சிறுத்துப்போவது ஏன்?

திலாப்பியா ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. மொசாம்பிக்குத் திலாப்பியா 1952 ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் நைல் திலாப்பியாவும் இங்கு வந்தது. நமது நீர்ப்பாசனக் குளங்களில் இவை பெருகி, நன்னீர் மீன்பிடியின் முதன்மையான மீனாயின. தமிழ்நாட்டில் இதனை ஜிலேபிக் கெண்டை என அழைப்பர்.

பெரிய குளத்தில் நன்மையாக அமைந்த இதன் பெருகும் இயல்பே சிறு தடாகத்தில் தீமையாகின்றது. ஏறக்குறைய மூன்று மாத வயதிலேயே பெண்மீன் முட்டையிடத் தொடங்கிவிடும். ஆண்மீன் அடித்தரையிற் குழி பறிக்கும்; பெண்மீன் அதில் முட்டையிட்டு, அம்முட்டைகளைத் தன் வாயினுள்ளே எடுத்து அடைகாக்கும். குஞ்சுகள் நீந்தும் பருவம் அடையும்வரை அது இரை உண்பதில்லை. சூடான நீரில் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் முட்டையிடும். ஆகவே பெண்மீன் உண்ணும் இரையிற் பெரும்பகுதி முட்டையாகவே செலவாகின்றது. அதன் உடல் பெருப்பதில்லை. ஆண்மீனுக்கு இச்செலவு இல்லாமையால் அது விரைந்து வளரும்.

இதனிலும் பெரிய கேடு பின்னர் வருவது. தடாகத்திற் பிறந்த குஞ்சுகள் தாய்மீனின் தீனையும் ஒட்சிசனையும் பங்கிட்டுக் கொள்ளும். மூன்று மாதத்தில் அக்குஞ்சுகளும் முட்டையிடத் தொடங்கும். முடிவில் தடாகத்தில் மீனின் தொகை மிகும். தனி மீனின் நிறை குன்றும்.

2. கணக்கிட்டுப் பார்த்தல்

பத்துப் பேர்ச் பரப்புள்ள தடாகம் ஏறக்குறைய 250 சதுர மீற்றர் ஆகும். சதுர மீற்றருக்கு இரண்டு குஞ்சு வீதம் 500 குஞ்சுகள் இடப்பட்டனவென்று கொள்வோம். சாதாரணக் குஞ்சுகளாயின் அவற்றுட் பாதி, அதாவது 250, பெண்ணாகும். ஒவ்வொரு பெண்மீனும் ஒரேயொரு முறை குஞ்சு பொரித்து, அவற்றுள் 100 மட்டும் பிழைத்தாலும், தடாகத்திற் புதிதாகச் சேர்வன 25,000 குஞ்சுகள்.

இட்ட குஞ்சுகளுள் நூற்றுக்கு 95 ஆணாயின், பெண்மீன் 25 மட்டுமே. அதே கணக்கின்படி சேர்வன 2,500 குஞ்சுகள். நூற்றுக்கு 99 ஆணாயின், பெண்மீன் ஐந்து, சேர்வன 500. எனவே “பெரும்பாலும் ஆண்” என்ற சொல்லை மட்டும் நம்பாது, நூற்றுக்கு எத்தனை என்று கேட்டறிதல் வேண்டும்.

3. குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும்

நைல் திலாப்பியாவிற் பொதுவாக, தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் எக்ஸ் நிறமூர்த்தம் பெற்ற குஞ்சு பெண்ணாகவும், தந்தையிடமிருந்து வை நிறமூர்த்தம் பெற்ற குஞ்சு ஆணாகவும் வளரும். ஆயினும் முட்டையிலிருந்து வெளிவந்தவுடன் குஞ்சின் இனப்பெருக்க உறுப்பு முற்றாக உருப்பெற்றுவிடுவதில்லை. அது விதையாவதா சூலகமாவதா என்பது அடுத்த சில வாரங்களில் உடலினுட் சுரக்கும் ஓமோன்களால் நிலைபெறுகின்றது. அவ்வாரங்களில் ஆணோமோனை வெளியிலிருந்து ஊட்டினால், பெண்ணாக வேண்டிய குஞ்சும் ஆணாகவே வளரும்.

இவ்வுண்மை நீண்டகால ஆராய்ச்சியின் பயனாக அறியப்பட்டது. யப்பானிய அறிஞர் யாமமோத்தோ 1950களில், வயல்நீரில் வாழும் மெடாக்கா என்னும் சிறுமீனுக்கு ஓமோன் ஊட்டி அதன் பாலை மாற்றிக் காட்டினார். 1968 இல் கிளெமென்சு, இன்சிலீ என்னும் இருவர் மெதைல்தெசுத்தொசுத்தெரோன் என்ற செயற்கை ஆணோமோனை மொசாம்பிக்குத் திலாப்பியாக் குஞ்சுகளுக்கு ஊட்டி, ஒரே பாலான குஞ்சுகளைப் பெற்றமையை வெளியிட்டனர். பின்னர் பிலிப்பைன்சு, தாய்லாந்து முதலிய நாடுகளில் இம்முறை பொரிப்பகத் தொழிலாக வளர்ந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும். ஓமோன் மீனின் தோற்றப் பாலை மாற்றுமேயன்றிப் பரம்பரையை மாற்றாது. ஆணாக்கப்பட்ட மீனின் உடலில் முன்பிருந்த எக்ஸ் நிறமூர்த்தங்கள் இரண்டும் அவ்வாறே இருக்கும். ஆதலால் அம்மீனைச் சாதாரணப் பெண்மீனுடன் சேர்த்தாற் பிறக்கும் குஞ்சுகள் பெரும்பாலும் பெண்ணாகவே அமையும். நல்ல நெல்லில் விதைநெல் எடுத்து வைப்பதுபோல், இத்தடாகத்து மீனிலிருந்து அடுத்த போகத்துக்குக் குஞ்சு எடுத்து வைத்தல் பயன்தராது. ஒவ்வொரு முறையும் பொரிப்பகத்திலேயே குஞ்சு வாங்குதல் வேண்டும்.

4. பொரிப்பகத்தில் நடைபெறும் வேலை

தாய்மீனின் வாயிலிருந்து முட்டைகளையோ இளங்குஞ்சுகளையோ எடுத்துத் தனியே வளர்ப்பர். குஞ்சு தன் வயிற்றிலுள்ள கருவூண் பையைக் கரைத்து முடித்து, முதன்முதலாக வெளியிரை உண்ணத் தொடங்கும் நாளிலேயே ஓமோன் தீனும் தொடங்கும். அப்போது குஞ்சின் நீளம் ஏறக்குறைய 9 முதல் 11 மில்லிமீற்றர். 14 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட குஞ்சுகளை வலையால் வடித்து நீக்கிவிடுவர். அவற்றில் ஓமோன் நம்பத்தக்க பலன் தராது.

மாவாக அரைத்த தீன் ஒரு கிலோகிராமுக்கு வழக்கமாக 60 மில்லிகிராம் ஓமோன் சேர்க்கப்படும். இது ஒரு தொன் தீனுக்கு 60 கிராம் என்ற அளவு. இத்துணைச் சிறிய அளவைத் தீன் முழுவதும் ஒரே சீராகப் பரப்புவதற்காக, ஓமோனை அற்ககோலிற் கரைத்துத் தீனுடன் கலந்து, அற்ககோல் ஆவியாகும்வரை உலர்த்துவர். அத்தீனை 21 முதல் 28 நாட்கள், நாளொன்றுக்குப் பலமுறை ஊட்டுவர். ஒரு குஞ்சு அந்நாட்களில் அரைக் கிராம் தீன் உண்டதெனக் கொண்டால், அது பெற்ற ஓமோன் 0.03 மில்லிகிராம் மட்டுமே. அதன் பின்னர் சாதாரணத் தீனே கொடுக்கப்படும். இவ்வேலை செவ்வனே நடந்தால் நூற்றுக்கு 95க்கு மேல் ஆண் குஞ்சுகள் கிடைக்கும்.

“கிஃப்ட்” என வழங்கும் திலாப்பியா, ஓமோனால் உண்டாக்கப்பட்டதன்று. 1988 முதல் 1997 வரை பிலிப்பைன்சில் நடைபெற்ற தெரிவு வளர்ப்புத் திட்டத்தில், எகிப்து, கானா, கெனியா, செனகல் ஆகிய நாடுகளிற் பிடித்த நைல் திலாப்பியாவையும் ஆசியாவில் வளர்க்கப்பட்டு வந்த நைல் திலாப்பியாவையும் கலந்து, தலைமுறை தோறும் விரைந்து வளர்வனவற்றைத் தெரிந்தெடுத்து உருவாக்கிய இனமே அது. பின்னர் அது இலங்கைக்கும் கொண்டுவரப்பட்டது. கிஃப்ட் இனத்திலும் ஆணும் பெண்ணும் உண்டு. ஆகவே கிஃப்ட் என்பது வேறு, ஆண் குஞ்சு என்பது வேறு. வாங்குவோர் இரண்டையும் தனித்தனியே விசாரித்தல் வேண்டும்.

5. உண்போருக்குத் தீங்கு உண்டா?

இவ்வினா நியாயமானதே. ஓமோன் ஊட்டப்படுவது குஞ்சின் முதல் ஒரு மாதத்தில் மட்டும். கதிரியக்கக் குறியிட்ட ஓமோனைக் கொண்டு நடத்திய ஆய்வுகளில், ஊட்டுதலை நிறுத்திய சில நாட்களுக்குள்ளேயே அதன் மிகப் பெரும்பகுதி மீனின் உடலைவிட்டு நீங்கியமை காணப்பட்டது. அவ்வேளையில் ஒரு கிராம்கூட நிறையாத குஞ்சு, பல மாதங்கள் சாதாரணத் தீனுண்டு 300 கிராம் மீனாகிய பின்னரே சமையலுக்கு வருகின்றது. எனவே முறைப்படி ஊட்டப்பட்ட குஞ்சிலிருந்து வளர்ந்த மீனை உண்பதற்கு அஞ்சவேண்டியதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் உணவு விலங்குகளுக்கு ஓமோன் ஊட்டுதலை 1996 ஆம் ஆண்டின் விதியொன்றினாற் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அவ்விதியே, மீன் குஞ்சின் முதல் மூன்று மாதங்களுக்குள் அதன் பாலை மாற்றுவதற்காக ஆணோமோன் கொடுப்பதற்கு விலக்களித்தது. இவ்விலக்கு இளங்குஞ்சுக்கு மட்டுமே உரியது. வளர்ந்த மீனுக்கு ஓமோன் கொடுத்து விற்பதை அது அனுமதிக்கவில்லை. நாமும் இவ்வேறுபாட்டை மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும்.

6. கமக்காரர் ஓமோன் தீனைக் கையாளலாகாது

“குஞ்சுக்கு நல்லதாயின், நாமே அம்மருந்தை வாங்கித் தடாகத்திற் போட்டாலென்ன?” என்று சிலர் நினைக்கக்கூடும். அது கூடாது. காரணங்கள் வருமாறு:

முதலாவது, காலம் கடந்துவிடும். கமக்காரர் கைக்கு வரும் குஞ்சு பாலுறுதி அடைந்துவிட்டது. அதன்பின் எவ்வளவு ஓமோன் ஊட்டினும் பெண்மீன் ஆணாகாது.

இரண்டாவது, அளவு தவறும். ஒரு கிலோகிராம் தீனில் 60 மில்லிகிராமைச் சீராகக் கலப்பது வீட்டுத் தராசாலும் கைவாளியாலும் ஆகும் வேலையன்று. மருந்து மிகுந்தால் ஆண் தொகை மிகும் என்பதும் பிழை. அளவு மீறிய ஆணோமோன் மீனின் உடலிற் பெண்ணோமோனாக மாறி எதிர்ப்பலன் விளைவிப்பதுண்டு. மலடான மீன்களும் தோன்றும்.

மூன்றாவது, கலப்பவருக்குக் கேடு விளையும். இம்மருந்து தோலினூடாகவும் தூளை மூச்சில் இழுப்பதாலும் மனித உடலைச் சேரும். ஈரலைப் பாதிக்கக்கூடியது. கருப்பவதிகளின் உடலிற் சேர்ந்தால் வயிற்றிலுள்ள பெண் குழந்தையின் உறுப்பு வளர்ச்சி மாறுபடும். நமது வீடுகளில் தீன் குழைக்கும் வேலையைப் பெண்களும் பிள்ளைகளுமே வெறுங்கையாற் செய்து வருகின்றனர் என்பதை மறத்தலாகாது. பொரிப்பகத்தில் இவ்வேலை செய்வோர் கையுறையும் முகமூடியும் அணிதல் வேண்டும். கருப்பவதிகளை அவ்வேலையில் ஈடுபடுத்தவே கூடாது.

நான்காவது, நீரும் சேறும் கெடும். உண்ணப்படாது கரைந்த தீனிலுள்ள ஓமோன் தடாகத்துச் சேற்றிற் பல வாரங்கள் தங்கியிருந்தமை ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. அந்நீரை வாய்க்காலில் விட்டால் அது அயலவரின் வயலுக்கும் கிணற்றடிக்கும் செல்லும். மரக்கறிப் பாத்திக்கு உரமாகவேண்டிய சேறும் ஐயத்துக்குரியதாகும்.

ஆகவே, மீனைப் பெருக்கச் செய்யும் மருந்தென்றோ சத்துத் தூளென்றோ பெயர்ச்சீட்டில்லாத பொதிகளை எவரேனும் விற்கவரின் வாங்கலாகாது.

7. குஞ்சு வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை நிறுவப்பட்டது. தம்புள்ளை, உடவளவை, இங்கினியாகலை முதலிய இடங்களில் அதற்கு நிலையங்கள் உள்ளன. குஞ்சு பெறுவது பற்றியும், தடாகத்துக்கு அனுமதி வேண்டுமா என்பது பற்றியும் அதன் உத்தியோகத்தரிடம் முதலிலே விசாரித்தல் நன்று. எப்பொரிப்பகத்தில் வாங்கினும் பின்வருவனவற்றைக் கேட்டறிக:

(அ) குஞ்சின் இனம் யாது? தாய்மீன் எங்கிருந்து பெறப்பட்டது?
(ஆ) ஓமோன் தீன் எத்தனை நாட்கள் ஊட்டப்பட்டது? எந்நாளில் நிறுத்தப்பட்டது?
(இ) அத்தொகுதியிற் சில குஞ்சுகளை அறுத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்து ஆண் விகிதம் கணிக்கப்பட்டதா? நூற்றுக்கு எத்தனை?
(ஈ) குஞ்சுகள் ஒரே அளவினவா? விற்பனைச் சீட்டிலே “ஆண் குஞ்சு” என எழுதித் தருவரா?

கிருலப்பனை வாய்க்கால், பேரை ஏரி போன்ற நகர நீர்நிலைகளிலோ குளத்திலோ வலைவீசிப் பிடித்த குஞ்சுகளை இலவசமாகக் கிடைக்கின்றனவென்று தடாகத்தில் இடற்க. அவற்றுட் பாதி பெண், இனங்களும் கலந்திருக்கும், நகரக் கழிவுநீரின் மாசும் நோயும் உடன்வரும்.

8. தடாகத்திற் சோதித்தல்

குஞ்சு இட்டு ஆறு முதல் எட்டு வாரங்களில், மீன் 30 கிராமளவு வளர்ந்ததும், 50 மீன்களைப் பிடித்துச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். மீனை ஈரக்கையால் மல்லாத்திப் பிடித்து, வாலை நோக்கிய அடிச்செட்டைக்கு முன்னாலுள்ள பகுதியைப் பார்க்க. ஆண்மீனில் இரண்டு துவாரங்கள் காணப்படும்: ஒன்று மலவாய், மற்றையது சிறுநீரும் விந்தும் வெளிவரும் காம்பின் நுனித்துளை. பெண்மீனில் மூன்று துவாரங்கள் உண்டு: மலவாய்; காம்பின் குறுக்கே பிறை போன்ற முட்டை வெடிப்பு; நுனியிற் சிறுநீர்த்துளை. துளைகள் தெளிவாகத் தெரியாவிடின், அவ்விடத்தில் ஒரு துளி நீல மையைத் தடவினால் வெடிப்புக் கோடாகப் புலப்படும்.

ஐம்பதில் இரண்டு மூன்றுக்கு மேற்பட்ட பெண்மீன்கள் காணப்படின், தடாகம் முழுவதும் வலை இழுத்துப் பெண்மீன்களைத் தெரிந்து நீக்குக. அவற்றைச் சமைத்து உண்ணலாம். எண்ணிக்கையைச் சீட்டிற் குறித்துப் பொரிப்பகத்துக்கும் அறிவிக்க. அடுத்த போகத்தில் எங்கு குஞ்சு வாங்குவது என்பதை அக்குறிப்பே தீர்மானிக்கும்.

9. ஓமோன் இன்றிச் செய்யத்தக்க முறைகள்

ஆண் குஞ்சு கிடைக்காத இடங்களில் வேறு வழிகளும் உண்டு.

கையாற் பிரித்தல்: சாதாரணக் குஞ்சுகளை ஒரு சிறு தடாகத்தில் 30 கிராமளவு வளர்த்து, மேற்கூறியவாறு சோதித்து ஆண்மீனை மட்டும் பெரிய தடாகத்தில் இடுக. வேலை மிகுதி, செலவு குறைவு. சிறு கமத்துக்கு இதுவே ஏற்றது.

இரைகொல்லி மீன் சேர்த்தல்: திலாப்பியா ஓரளவு வளர்ந்தபின், அதனிலும் சிறிய விரால்கள் சிலவற்றை இட்டால், அவை புதிதாகப் பிறக்கும் குஞ்சுகளை உண்டு தொகையைக் குறைக்கும். விரால் பெரிதாயின் வளர்ப்பு மீனையே உண்டுவிடும்.

வலைக்கூடு: தடாகத்திலோ குளத்திலோ தரையைத் தொடாது கட்டிய வலைக்கூட்டில் வளர்த்தால், ஆண்மீன் குழி பறிக்க இயலாது, இடப்படும் முட்டைகளும் வலைக்கண்ணூடாக விழுந்துவிடும்.

காலம் தாழ்த்தாது பிடித்தல்: நீர் வற்றும் பருவத்துக்குக் காத்திராது, ஐந்து ஆறு மாதத்திலே பிடித்து, தடாகத்தை முற்றாக வற்றவைத்துச் சேறு வெடிக்குமட்டும் காயவிடுக. சிறு குட்டையில் எஞ்சிய ஒரு சோடி மீன் அடுத்த போகத்தையும் கெடுக்கப் போதும்.

அறிஞர்களும் ஓமோனைத் தவிர்க்கும் வழிகளைத் தேடியுள்ளனர். மலாக்காவிலிருந்த மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தில் இக்கிலிங் என்பவர், இருவேறு திலாப்பியா இனங்களைக் கலந்து முற்றும் ஆணான குஞ்சுகளைப் பெற்றமையை 1960 இல் அறிவித்தார். ஆயின் தாய்மீன்களின் இனத்தூய்மை சிறிது கெட்டாலும் பெண்குஞ்சுகள் தோன்றிவிடும். 1990களில், வை நிறமூர்த்தம் இரண்டுடைய தந்தைமீனை உருவாக்கும் முறையும் கையாளப்பட்டது. அத்தந்தைக்குப் பிறக்கும் குஞ்சுகள் ஏறக்குறைய எல்லாம் ஆணாகும். தந்தைமீனை உருவாக்கும் தலைமுறைகளில் மட்டுமே ஓமோன் பயன்படும். நாம் உண்ணும் மீன் ஓமோனைக் காண்பதேயில்லை.

10. பொது நீர்நிலைகளைக் காத்தல்

இந்தியாவின் அனுபவம் நமக்குப் பாடமாகும். அங்கும் மொசாம்பிக்குத் திலாப்பியா 1952 இற் புகுத்தப்பட்டது. அது கெண்டை மீன்களுக்குப் போட்டியாகப் பெருகுவதைக் கண்டு 1959 இல் அதனைப் பரப்புவது தடைசெய்யப்பட்டது. நீண்ட காலத்தின் பின்னர், அனுமதி பெற்று, ஆண் குஞ்சுகளையோ மலட்டுக் குஞ்சுகளையோ மட்டும், மீன் தப்பாதவாறு வலைகட்டி வளர்க்கவேண்டும் என்னும் நிபந்தனைகளுடன் திலாப்பியா வளர்ப்பு அங்கு அனுமதிக்கப்பட்டது. ஆந்திரப் பிரதேசத்தில் விசயவாடாவுக்கு அண்மையில் ராஜீவ் காந்தி நீருயிரின வளர்ப்பு மையம் கிஃப்ட் இனத்தைப் பேணிக் குஞ்சு உற்பத்தி செய்யத் தொடங்கியது.

நமது தடாகத்து நீர்வாயிலிலும் வடிவாயிலிலும் நுண்கண் வலை கட்டுதல் இன்றியமையாதது. பெரும்போக மழையில் வரம்பை மேவி நீர் பாயுமாயின் வரம்பை உயர்த்துக. தடாகம் வற்றவைக்கும்போது எஞ்சிய குஞ்சுகளை வாய்க்காலில் விடாது, கோழிக்கோ பன்றிக்கோ உணவாக்குக, அன்றேல் எருக்குழியில் இடுக. அருவிகளில் வாழும் நாட்டு மீன்கள் பல இலங்கையிலன்றி வேறெங்கும் இல்லாதவை. அவற்றின் வாழிடத்தைத் திலாப்பியாவுக்கு விட்டுக்கொடுத்தல் தகாது.

நினைவிற் கொள்ளவேண்டியவை

ஓமோன் தீன் பொரிப்பகத்துக்கு உரியது, கமத்துக்கு உரியதன்று. அதன் காலம் குஞ்சின் முதல் மூன்று நான்கு வாரங்களே. ஆண் குஞ்சை எழுத்துமூலச் சீட்டுடன் வாங்குக. எட்டு வாரத்துள் 50 மீனைச் சோதிக்க. பெண்மீனை நீக்குக. தடாகத்து மீனிலிருந்து குஞ்சு எடுத்து வைக்கற்க. ஐந்து ஆறு மாதத்திற் பிடித்துத் தடாகத்தை உலரவிடுக. ஐயமுள்ளவிடத்து, தீனுக்குப் பணம் செலவிடுமுன், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ நீருயிரின வளர்ப்பு உத்தியோகத்தரையோ கலந்து ஆலோசிக்க.